பாங்காக்கில் பாதிக் கோப்பை, குன்றக்குடியில் உன் முடி

காரைக்குடி,
ஆனந்த வருடம் சித்திரை 29,
12-5-1974.

அன்புள்ள தம்பி முத்துராமலிங்கத்துக்கு,

அக்காள் பொன்னுத்தாயி ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கல்லூரிக்கு விடுமுறை, வகுப்பெடுக்கும் வேலை இல்லை. பெண்கள் இருவரும் அவரவர் வீட்டில் சுகமாக இருப்பதாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அங்கே உன் சுகத்தையும், முக்கியமாக உன் தலைமுடியின் சுகத்தையும் அறிய ஆவல்.

ரயில்வே வேலைநிறுத்தத்தில் ரயில் ஓடாததால் தபாலை நம்பி இதைப் போட முடியவில்லை. பக்கத்து வீட்டு அழகுசுந்தரம் செட்டியாரின் தம்பி மகன் நாளைக் காலை பஸ்ஸில் சென்னைக்கு வருகிறார். உன் அலுவலகத்துக்கே வந்து கையில் கொடுப்பார். வாங்கியதும் நின்றபடி பிரிக்காதே. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி.

வைகாசி 12, ஞாயிற்றுக்கிழமை, தேவகோட்டையில் உனக்குப் பெண் பார்க்க நாள் குறித்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதில் மாற்றமில்லை. இடையில் ஒரு சங்கடம் முளைத்திருக்கிறது. நம் நாட்டு இளைஞர் கால்பந்து அணி பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் ஜெயித்துவிட்டது. தோற்றிருந்தால் வழக்கம்போல ஒன்றுமில்லை. முழுதாக ஜெயித்திருந்தாலும் இன்னது செய்வது என்று தெரிந்திருக்கும். பாதி ஜெயித்து வைத்திருக்கிறார்கள். அதில்தான் உன் தலை மாட்டிக்கொண்டது. கால்பந்துக்கும் உன் தலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்கிறேன்.

உன் அத்தான் வாலிபத்தில் காரைக்குடிப் பையன்களின் அணியில் கோல்கீப்பராக இருந்தார் என்பது உனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் அதைச் சொல்லாமல் யாருக்கும் காப்பி கொடுத்ததில்லை. மதுரையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கூப்பிட்ட வாரத்தில் அவருக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது வயது கடந்திருந்தது. அதற்கப்புறம் மின்வாரியத்தில் வேலை, கல்யாணம், இரண்டு பெண்கள் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. ஆனால் ஆசிய இளைஞர்களுக்கென்று தனியாக ஒரு கால்பந்துப் போட்டி தொடங்கியிருக்கிறது என்று என்றைக்குப் பேப்பரில் படித்தாரோ அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்குத் தெரியாத பதினெட்டு ஆண்பிள்ளைகள் குடியேறிவிட்டார்கள். பெரியவர்களின் அணியை அவர் சட்டை செய்வதில்லை. "அவனுக வெளஞ்சு முத்துன கட்டைக, இனிமே வளையாது. இந்தப் பயலுகதான் நாத்து" என்பார். அந்தப் பயல்களில் ஒருவனையும் அவர் நேரில் கண்டதில்லை. கல்கத்தாவில் ஒருவன், ஹைதராபாத்தில் ஒருவன், கேரளத்தில் ஒருவன். பெயர்களை அவர் மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் அவர்களுக்கு வயது கடந்துவிடும், மறுமுறை வேறு பயல்கள் போவார்கள், இவர் மறுபடியும் முதலிலிருந்து மனப்பாடம் செய்வார். உன் அத்தானுக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே போயிற்று. அந்த அணிக்கு என்றைக்கும் பத்தொன்பதுதான்.

அவர்கள் போவார்கள், தோற்பார்கள், திரும்புவார்கள். சில வருடம் போகவே மாட்டார்கள், அந்த வருடம் மட்டும் வீட்டில் நிம்மதி இருக்கும். அப்படி ஒரு தோல்விக்கு மறுநாள் உன் அத்தான் குன்றக்குடி மலையேறி முருகனிடம் நேர்ந்துகொண்டு வந்தார். பயல்கள் கோப்பையைக் கைப்பற்றினால் முடி இறக்குவதாக. நான் அவர் தலையைப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் போட்டோவிலேயே அவர் முடி பின்வாங்கத் தொடங்கியிருந்ததை நீ கவனித்திருப்பாய். நேர்ந்துகொண்ட காலத்தில் காதோரம் மட்டும் கொஞ்சம் காவல் நின்றது.

"எந்த முடியை இறக்கப் போறீக?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை முடிய நேர்ந்துட்டேன்."

"எந்த மாப்பிள்ளை?"

"நமக்கு எத்தன பேரு இருக்கான்? முத்துராமலிங்கந்தான். வெறுந்தலைய நேர்ந்தா சாமிய ஏமாத்துறதாயிராதா? நேர்ந்தா வெளச்சல் உள்ள காட்டத்தான நேரணும்."

பெற்ற பிள்ளையின் முடியை நேர்வது ஊர் வழக்கம், மச்சினன் முடியை நேர்வது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டேன். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மச்சினன்தான் பிள்ளை என்றார். உன்மேல் அவர் வைத்திருக்கும் பாசத்தை அவர் அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அந்த ஒரு முறைதான். அதனால் நான் மேலே வாதாடவில்லை. உனக்கும் எழுதவில்லை. அந்த அணியின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் உன் முடிக்கு ஒரு குறையும் வராது என்று உறுதியாக நம்பினேன். இத்தனை வருடம் தோற்றவர்கள் இனியும் தோற்பார்கள் என்று நினைத்தது வரலாறு படித்தவள் செய்கிற தவறு. கணக்குப் படித்திருந்தால் எச்சரிக்கையாக இருந்திருப்பேன்.

இதில் செட்டியார் வேறு. அவர் பர்மாவில் பிறந்து, யுத்தத்தில் நடந்தே வந்து சேர்ந்தவர் அல்லவா? இந்தப் போட்டியில் வருடம் தவறினாலும் தவறும், பர்மாக்காரன் கோப்பையை எடுப்பது தவறாது என்று ஒரு காலம் இருந்தது. பேப்பர் வந்ததும் வேலிப்பக்கம் வந்து நிற்பார். "குழந்தைவேலு, இந்த வருசமும் எங்க ஆளுகதான்" என்பார். உங்களைத் துரத்திவிட்டவன் எப்படி உங்கள் ஆள் ஆவான் என்று உன் அத்தான் எகிறுவார். செட்டியார் அசைய மாட்டார். "வயலையெல்லாம் அவன்ட்ட விட்டுட்டு வந்தாச்சு. நாலு காசுக்குப் பொறாத கோப்பையவா கேக்கப் போறோம்? நல்லா வெளயாடுறான், எடுத்துட்டுப் போகட்டும்" என்பார். பிறகு இரண்டு பேரும் ஒரே பேப்பரின் இரண்டு பக்கத்தைப் படிப்பார்கள். இப்படியே பல வருடம் ஓடியது. உன் முடி வளர்ந்தது. நீயும் வாசனைத் தைலமெல்லாம் வாங்கித் தேய்த்து, நெற்றியில் ஒரு சுருள் விட்டு, அதை முருகன் சொத்தென்று தெரியாமல் அனுபவித்துக்கொண்டிருந்தாய்.

போன மாதக் கடைசியில் அது முடிந்தது. பயல்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள் என்றதும் உன் அத்தான் சாப்பாட்டைக் குறைத்தார். பேச்சும் குறைந்தது, அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆட்டம் ஈரானோடு. ரேடியோவில் செய்தி சொல்லும்போது நான் அடுப்படியில் இருந்தேன். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் துண்டை மடியில் போட்டுக்கொண்டு ரேடியோவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"தோத்துட்டாகளா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப ஜெயிச்சுட்டாக."

"அதுதான் தெரியல, பொன்னு."

ஆளுக்கு இரண்டு கோல். சமம். மறு ஆட்டம் கிடையாது. இரண்டு நாடும் சேர்ந்தே ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்களாம். எனக்கு அது ஒரு முடிவாகவே படவில்லை. தேர்வில் இரண்டு பெண்கள் ஒரே மார்க்கு வாங்கினால் நாங்கள் பரிசுப் புத்தகத்தைக் கிழித்துக் கொடுப்பதில்லை. ஆனால் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன், அது வேர்வை இல்லை. "இதப் பாக்காமயே போயிருவமோன்னு இருந்தேன்" என்றார். அப்புறம் காப்பி கேட்டார். நான் சர்க்கரையை ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தேன், டாக்டர் கூடாதென்று சொன்னது தெரிந்தும்.

காப்பி குடித்து முடித்ததும் நினைவு வந்துவிட்டது. "மாப்பிள்ளைக்கு எழுதணும்" என்று எழுந்தார். நான் தடுத்தேன். கோப்பை முழுதாக வந்தால்தானே முழு மொட்டை? பாதிக் கோப்பைக்குக் கடன் விழாது என்றேன். அவருக்கும் உள்ளூர ஆட்டந்தான், ஏனென்றால் உனக்குப் பெண் பார்க்கும் நாள் நெருங்குவது அவருக்கும் தெரியும். ஆனால் சாமி விஷயத்தில் அவர் தானாக எதையும் தள்ளுபடி செய்துகொள்ள மாட்டார். நேராக வேலிக்குப் போய்ச் செட்டியாரைக் கேட்டார், நானும் பின்னாலேயே போனேன். பங்குச் சண்டை என்றால் இந்த ஊரில் செட்டியார்களைத்தானே கேட்க வேண்டும்? அவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"எங்க வீடு இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் ஓடுது. அதுல எனக்கு ஒம்பதுல ஒரு பங்கு. சாவியே ஒரு அறைக்குத்தான் வச்சிருக்கேன். அதுக்காக என் வீடு இல்லேன்னு ஆகிருமா? எம் மக கல்யாணத்துக்கு வாசல் மொகப்பு முழுசும் எனக்குத்தான தொறந்துவிட்டாக? பங்காளி வச்சிருக்கான்கிறதால சொத்து பாதியாகாது ஆச்சி. ஜெயிச்சது ஜெயிச்சதுதான். மொட்டை மொட்டைதான்."

என்னை அவர் ஆச்சி என்று கூப்பிடுவதே மரியாதைக்காகத்தான். தீர்ப்பில் அந்த மரியாதை தெரியவில்லை. உன் அத்தானுக்கோ ஒரே பெருமை. பாதி ஜெயித்த பயல்களை அவர் முழுதாக ஜெயிக்க வைத்துவிட்டார் அல்லவா?

இங்கேதான் தேவகோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் கல்யாணசுந்தரியை எனக்குப் பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் போனபோது அதிகம் பேசவில்லை. உன் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இவுகளுக்குச் சிரிக்க வருமா?" நீ போட்டோவில் வரிகட்ட வந்தவனைப்போல நின்றிருக்கிறாய், நான் என்னத்தைச் சொல்ல? வரும், வந்து ரொம்ப நாளாயிற்று என்றேன். அவள் சிரித்தாள். முப்பத்தேழு வயதில், ஒற்றை அறையில், ஓட்டல் சோற்றைத் தின்றுகொண்டு நீ எனக்கு எழுதுகிற 'சுகம்' என்ற சொல்லை நான் இதுவரை நம்பியதில்லை. அந்தப் பெண் சிரித்ததைப் பார்த்தபோது, இது கூடிவர வேண்டும் என்று எனக்குப் பட்டது.

ஆனால் அவள் தாயார் சோணையம்மாள் இரண்டு விஷயத்தில் கறார். ஒன்று, நேர்ந்த கடன் பாக்கி உள்ள வீட்டில் பெண் கொடுக்க மாட்டார். அவர் வீட்டில் யாருக்கோ அப்படி ஆகிக் கெட்டுப்போனதாம். இரண்டாவது, போட்டோவும் ஆளும் ஒத்துப்போக வேண்டும். போன வருடம் ஒரு மாப்பிள்ளை சுருள்முடியோடு போட்டோவை அனுப்பிவிட்டு வெறுந்தலையோடு வந்து இறங்கியிருக்கிறார். "போட்டாவுல இருந்தவரோட அப்பாவாக்கும்னு நெனச்சு, மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டுட்டேன் தாயி. அவமானமாப் போச்சு" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, "முடியப் பாத்தாலே தெரியுது, குடும்பம் தழைக்கும்" என்றார்.

இப்போது உனக்கு நிலைமை புரிந்திருக்கும். மொட்டை அடித்துக்கொண்டு போனால் இரண்டாவது காரணத்துக்காகச் சம்பந்தம் போகும். அடிக்காமல் போனால் முதல் காரணத்துக்காகப் போகும். மறைத்துவிடலாம் என்றால் உன் அத்தானுக்குப் பொய் சொல்ல வராது, கேட்காதவர்களிடமும் உண்மையைச் சொல்லக்கூடியவர். மூன்று நாள் இந்த வீட்டில் கால்பந்தைத் தவிர எல்லாவற்றுக்கும் சண்டை நடந்தது. கடைசியில் சாமியையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. பூக்கட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை நீ அறிவாய். ஆனால் செட்டியார் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்ய வேறு இடமும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை மூவரும் குன்றக்குடிக்குப் போனோம். செவ்வரளி வந்தால் முழு மொட்டை, வெள்ளை அரளி வந்தால் கடன் இல்லை. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, நூல் சுற்றி, வெளியே தெரியாமல் செட்டியார் சந்நிதிக்கு முன்னால் போட்டார். அங்கே சாமி கும்பிட வந்திருந்த ஒரு குடும்பத்தின் பெண்குழந்தையை, மூன்று வயதிருக்கும், கூப்பிட்டு, எடு தாயி என்றோம். அது இரண்டையும் பார்த்தது. எங்களையும் பார்த்தது. இரண்டு கைக்கும் ஒன்றாக இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டது.

ஒன்றைக் கீழே வைக்கச் சொன்னோம். வைக்கவில்லை. செட்டியார் ஒரு வாழைப்பழத்தைக் காட்டி ஒரு கையைக் காலி செய்யப் பார்த்தார். குழந்தை பழத்தை வாயில் வாங்கிக்கொண்டது. உன் அத்தான் குனிந்து, தாயி, ஒண்ணே ஒண்ணு மாமாவுக்குக் குடு என்று கெஞ்சினார். அவர் தலையைக் கிட்டத்தில் பார்த்ததும் அது வீறிட்டு அழுதது. அந்தக் குழந்தையின் தாய், "புள்ளையப் போயி என்னத்துக்கு இந்தப் பாடு படுத்துறீக?" என்று பிடுங்கிக்கொண்டு போனார். பொட்டலம் இரண்டும் அதன் கையோடு பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டு போயின.

செட்டியார் மயிலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு சொன்னார், "சாமியும் சமம்னுட்டாரு. ரெண்டுக்கு ரெண்டு."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. முழுக்கடனும் இல்லை, கடனே இல்லை என்பதும் இல்லை என்றால், முழு மொட்டையும் இல்லாமல் முடி கொடுக்காமலும் இல்லாமல் இருப்பதற்கு நம் பெண்களிடம் ஒரு வழி காலம் காலமாக இருக்கிறதே. பூமுடி. மூன்று முறை கத்தரி வைத்து நுனியை மட்டும் சாமிக்குக் கொடுப்பது. உன் அத்தான், அது பொம்பளைகளுக்கு உள்ளது, மாப்பிள்ளை ஒப்புவானா என்றார். பாதிக் கோப்பையை அந்தப் பயல்கள் ஒப்பிக்கொண்டு வந்தார்களே, அவர்களைவிட மாப்பிள்ளை ஒசத்தியா என்று கேட்டேன். தன் வெறுந்தலையைத் தடவிக்கொண்டே, சரி, பூமுடியே ஆகட்டும் என்றார்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். பெண் பார்ப்பதற்கு முதல்நாள் சனிக்கிழமையே பஸ்ஸைப் பிடித்து வந்துவிடு. ரயிலுக்குக் காத்திருக்காதே. நேராகக் குன்றக்குடிக்குப் போவோம். மூன்று கத்தரி, ஐந்து நிமிட வேலை. நெற்றிச் சுருளைத் தொடக் கூடாது, பின்பக்கம் மட்டுந்தான் என்று உன் அத்தானிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மறுநாள் கடன் தீர்ந்த தலையோடும், போட்டோவில் உள்ள முடியோடும் தேவகோட்டைக்குப் போகலாம். சோணையம்மாளுக்கு இரண்டு பக்கமும் நிறைவு. அதுவரை சலூன் பக்கம் போகாதே. வழியில் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகிக்கொண்டு வா.

உன் அத்தான் உனக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னார். உன் முடியை நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. பாங்காக்கில் பயல்கள் ஜெயித்ததற்கு உன் தலையும் ஒரு காரணம் என்றும், அதை நினைத்து நீ பெருமைப்பட வேண்டும் என்றும் சொன்னார். அவர் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக வந்து சேர். உன் வாழ்வு குறைவின்றி விளங்கட்டும்.

அன்புள்ள அக்காள்,
பொன்னுத்தாயி.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தேவகோட்டையிலிருந்து ஆள் வந்துவிட்டது. பெண்ணுக்குப் போட்டோவே போதுமாம், சோணையம்மாளும் சரியென்றுவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வேண்டாம், நேராகப் பாக்கு வெற்றிலை மாற்றி நிச்சயமே செய்துகொள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். நல்ல செய்திதான். ஆனால் உன் தலையைப் பற்றி மேலே நான் எழுதிய எதுவும் இனிச் செல்லாது. அன்றைக்குக் குன்றக்குடியில் இவர்கள் அந்தக் குழந்தைக்குப் பின்னால் ஓடியபோது நான் சந்நிதியில் தனியாக நின்றேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், இந்தச் சம்பந்தம் கூடிவந்தால் என் தம்பிக்கு முடி இறக்குகிறேன் என்று நேர்ந்துவிட்டேன். பூமுடி இல்லை, முழுதாக. என் தலையை நேர்ந்திருக்கலாம்தான், அது எனக்குத் தோன்றவே இல்லை. செய்தி வந்ததும் உன் அத்தானிடம் சொன்னேன். "ஒரு தலைக்கு ரெண்டு பேரு நேர்ந்தா எப்புடி?" என்றார். ஒரே மொட்டையில் இரண்டும் தீரும், கூட்டு வெற்றி என்றேன். ஆவணியில் கல்யாணம் வைத்தால் அதற்குள் ஓர் அங்குலமாவது வளர்ந்துவிடும். மலைக்கு நிச்சயம் முடிந்த பிறகு போகலாம், பெண் கொடுப்பதற்குள் கடன் தீர்ந்துவிடும். போட்டோவில் பார்த்த முடியை அந்தப் பெண் ஒருமுறையாவது நேரில் பார்க்கட்டும்.